மூணடி அக்காவின் பாத்தி

ஒரு தக்காளிச் செடிக்கும் அடுத்த தக்காளிச் செடிக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும், சொல்லுங்கள் பார்க்கலாம்? தெரியாவிட்டால் குற்றமில்லை. கிலோ கணக்கில் வாங்கிச் சமைக்கிறவர்களை யாரும் இந்தக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அந்த நடு இடத்தைப் பார்த்து, "சும்மாதானே கிடக்கு" என்று எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? சொல்லியிருந்தால் கொஞ்சம் உட்காருங்கள். மூணடி அக்காவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மூணடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. பெரிய மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் வார்டில் அக்கா ஆயாவாக இருந்தார். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே மூன்றடி இருக்க வேண்டும் என்று அங்கே சுவரில் எழுதி மாட்டியிருந்தார்கள். மாட்டியதோடு மறந்தும் போனார்கள். அக்கா மட்டும் மறக்கவில்லை. தரை துடைக்கும் கட்டையின் நீளம் ஏறக்குறைய மூன்றடி. காலையில் துடைத்து முடித்ததும் அதை இரண்டு கட்டில்களுக்கு நடுவே குறுக்காக வைத்துப் பார்ப்பார். இடித்தால் கட்டிலை நகர்த்துவார், அதில் குழந்தை படுத்திருந்தால் குழந்தையோடு சேர்த்து. குழந்தைகளுக்கு அது ஓசியில் கிடைத்த வண்டிச் சவாரி. புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, "ஆயாம்மா 'மூணடி, மூணடி'ன்னு கட்டையோட வந்தாங்களா, என்னைத்தான் அடிக்க வர்றாங்கன்னு ஓடிட்டேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு மழைக்காலம். ஊரெல்லாம் காய்ச்சல். வார்டில் இடம் போதவில்லை. மேலிடத்து ஆள் ஒருவர் சுற்றிப் பார்க்க வந்தார். அவர் கண்ணில் கட்டில்கள் படவில்லை, அவற்றுக்கு நடுவிலிருந்த இடம் மட்டுமே பட்டது. "இவ்வளவு இடத்தை வீணாப் போட்டு வச்சிருக்கீங்களே" என்றார். பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு கட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதே மாடியில் விருந்தினர் அறை என்று ஒன்று இருந்தது. மெத்தை தைத்த நாற்காலிகள், ஒரு மீன் தொட்டி, வருகிறவர்களுக்காக ஒரு கண்ணாடி மேசை. அதற்குள் ஒரு கட்டிலும் போகவில்லை. மீன்களுக்குக் காற்றோட்டம் வேண்டுமல்லவா!

கால் முறிந்து வந்த சின்னப் பெண் ஒருத்தி அந்த வார்டில் இருந்தாள். காலில் போட்ட மாவுக்கட்டின்மேல் பூனைப் படம் வரையச் சொல்லி அக்காவிடம் அடம்பிடித்தவள். அவள் பக்கத்தில் செருகிய கட்டிலில் கக்குவான் இருமல் குழந்தை. எலும்பு கூடிவிட்டது. ஆனால் இருமல் தொற்றிக்கொண்டது. பெண் பிழைக்கவில்லை. வராந்தாவில் யாரோ, "எல்லாம் விதிம்மா" என்று தாயைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா அங்கேயே நின்று கேட்டார்.

"விதியா வந்து கட்டிலைப் போட்டுச்சு? நாமதானே போட்டோம்!"

மறுநாள் காலையில் நடுவே செருகிய கட்டில்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போய் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாகப் போட்டார். விளக்கம் கேட்டார்கள். திட்டினார்கள். அக்காவைத் துணி துவைக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். ஆனால் மெத்தை நாற்காலியில் உட்கார வந்த பெரிய மனிதர்கள் யாருக்கும், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்து, "இதை வெளியே தள்ளு" என்று சொல்ல வாய் வரவில்லை. கட்டில்கள் அங்கேயே நின்றன.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அக்காவுக்கு நிலம் வந்தது. நிலம் என்றதும் ஏக்கர் கணக்கில் நினைத்துவிடாதீர்கள். அவர் குடியிருந்தது நான்கு மாடிக் கட்டடங்கள் இரண்டு கொண்ட தொழிலாளர் குடியிருப்பு. பின்பக்கம் மதில்வரை மண்தரை. அதை நீளவாக்கில் துண்டு போட்டு, கேட்டவர்களுக்குக் காய்கறி போடக் கொடுத்திருந்தது குடியிருப்போர் சங்கம். ஒரே நிபந்தனை, நிலத்தைச் சும்மா போடக் கூடாது. போட்டால் சங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

அக்கா பிறந்த வீட்டில் ஒரே அறை. உடன்பிறந்தவர்கள் தலையும் காலும் மாற்றிப் போட்டுப் படுத்தால்தான் எல்லாருக்கும் தரை கிடைக்கும். ஒருவர் புரண்டால் வரிசை முழுக்கப் புரள வேண்டும். கல்யாணமானதும் மாமியார், கொழுந்தன், நாத்தனார் என்று இரண்டு அறையில் எட்டுப் பேர். ஒரு கை நீட்டினால் இன்னொருவர் மேல் படாத இடத்தில் அவர் வாழ்ந்ததே இல்லை. துண்டு நிலத்தின் நடுவில் முதல் நாள் போய் நின்றபோது, யார்மீதும் இடிக்காமல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களோ என்று மாடி ஜன்னல்களை நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, டான்ஸா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

அவர் ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்ந்தவர். சத்தமாகப் பேசியே பழக்கம். குடியிருப்பு முழுக்கக் கேட்டது.

அக்கா நடவு தொடங்கினார். எதைக் கொண்டு அளந்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? மருத்துவமனைக் கட்டை கையில் இல்லை. ஆனால் அந்த நீளம் கைக்குள் இருந்தது. வீட்டுத் துடைப்பக் கட்டையை அதே நீளத்துக்கு வெட்டிக்கொண்டு வந்தார். தக்காளி மூன்றடிக்கு ஒன்று. கத்தரி மூன்றடிக்கு ஒன்று. மக்காச்சோளம், முள்ளங்கி, எல்லாம் மூன்றடிக்கு ஒன்று. வெங்காயமும்தான்.

வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து பார்த்தார். ஒரு வெங்காயத்திலிருந்து அடுத்த வெங்காயத்துக்கு எட்டி வைத்து நடந்தார்.

"ஏய், இதுங்களுக்கு எல்லாம் என்ன வியாதி? ஆளுக்கொரு ஸ்பெஷல் ரூம் போட்டிருக்க?"

"நோய் வரக் கூடாதுன்னுதான் போட்டிருக்கேன். நீங்க மிதிக்காம நடங்க."

"பார்க்க ஆள் வந்தா உட்கார ஒரு ஸ்டூலும் போட்டுடு."

பக்கத்துத் துண்டு ஒரு மேஸ்திரியுடையது. கொத்து வேலையில் தலை நரைத்தவர். மனைவி போன பிறகு தனியாக இருந்தார். அவர் தொழிலில் செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே சந்து விடுகிறவனுக்கு மரியாதை கிடையாது. விரல் நுழையும் இடம் கண்டால் கலவையை அப்பி மூடிவிட்டுத்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். நிலத்தையும் அப்படியே கட்டினார். நாற்று, நாற்றுக்கு நடுவே விதை, விதைக்கு நடுவே கீரை. பத்தே நாளில் அவர் துண்டு பச்சைக் கம்பளம் விரித்தது போல ஆகிவிட்டது. மாடியிலிருந்து பார்த்தவர்கள், "மேஸ்திரி கை ராசியான கை" என்றார்கள். பக்கத்திலிருந்த அக்காவின் துண்டோ, சொட்டைத் தலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடி நின்றது போல.

"மூணடியம்மா, உங்க செடிங்க ஒண்ணை ஒண்ணு கூப்பிடணும்னா போன் போடணும் போல இருக்கே" என்பார் மேஸ்திரி.

"உங்க செடிங்க மூச்சு விடணும்னா பக்கத்துச் செடிகிட்ட அனுமதி கேக்கணும்" என்பார் அக்கா.

இப்படி ஏட்டிக்குப் போட்டியாகப் பேசிக்கொண்டே தினமும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள். வாளி நிரம்பும்வரை வம்பு. அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் அக்காவுக்கு இன்றும் முதலில் வருவது ஈர மண் வாசனை, அதன்மேல் தக்காளி இலை கசங்கிய காரவாடை. சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. வேலை பார்த்த காலமெல்லாம் கையில் லைசால் கிருமிநாசினி மணத்தோடு சோறு தின்றவருக்கு, அந்த வாடை ஒரு சம்பள உயர்வு போல இருந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வெயில் தலை காட்டாத நாட்கள். மேஸ்திரியின் தக்காளி இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஈரம் காயவே இல்லை. ஓரத்தில் ஒரு செடியில் கரும்புள்ளி விழுந்தது. கைக்குக் கை மாறுவது போல அடுத்தது, அதற்கடுத்தது என்று போய், மறுகோடிவரை அழுகிவிட்டது. மேஸ்திரி குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். அக்காவின் தக்காளி இலைகள் காற்றில் ஆடி ஆடி உலர்ந்துவிட்டதால் ஒரு புள்ளி இல்லை. காயும் பிடித்தது.

அக்கா ஜெயித்துவிட்டார் என்று கதையை முடிக்க ஆசைதான். ஆனால் சோளக் கதிரை உரித்துப் பார்த்தவுடன் அவர் முகம் விழுந்துவிட்டது. உள்ளே மணிகள் இங்கே இரண்டு, அங்கே மூன்று. பொக்கை வாய். ஒவ்வொரு கதிரும் அப்படியே. வெங்காயத்தின் கதையும் சொல்லும்படி இல்லை. நடுவிலிருந்த இடத்தையெல்லாம் களை பிடித்துக்கொண்டு, வெங்காயத்தையே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சங்கச் செயலாளர் இந்தச் சமயம் பார்த்துத்தான் நிலத்துக்கு வந்தார். அவர் அப்போதுதான் கார் வாங்கியிருந்தார். கார் தெருவில் வெயிலில் நின்றது. அது அவர் நெஞ்சில் சுட்டது. அக்காவின் துண்டு பின்பக்க கேட்டை ஒட்டி இருந்தது. அவர் மேஸ்திரியின் தோளில் கை போட்டுப் பேசினார்.

"பாருங்க மேஸ்திரி, உங்களுக்கு இடம் பத்தாம பயிரே போச்சு. அந்தம்மாவுக்கு இடம் மிச்சம், சும்மா போட்டு வச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வைக்கிறேன். உங்க பக்கம் பாதி நீங்க எடுத்துக்குங்க. கேட் பக்கம் பாதி வண்டி நிறுத்த ஆகும். நீங்க ஒரு வார்த்தை ஆமான்னா போதும்."

அழுகிய செடிகளை அள்ளிக் கொட்டிவிட்டு வந்த கையோடு இருந்தார் மேஸ்திரி. ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். தலையாட்டியவர் கூட்டம் வரைக்கும் பொறுக்கவில்லை. கொத்தனார் புத்தி, எல்லை என்றால் உடனே நூல் பிடிக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அக்காவின் துண்டில் இறங்கி, இரண்டு தக்காளி வரிசைகளுக்கு நடுவே, எந்தச் செடியையும் தொடாமல், நட்டநடுவே நூல் கட்டிக் கடப்பாரையால் நீளக் கோடு தோண்டினார்.

அக்கா இறங்கி வந்தபோது பாதி தோண்டியாகிவிட்டது.

"என்ன மேஸ்திரி இது?"

"ஒண்ணுமில்ல. செயலாளர் சொன்னாரு. செடி எதையும் தொடலம்மா, பாருங்க. காலி இடத்துலதான் தோண்டுறேன்."

"யாரைக் கேட்டுத் தோண்டுறீங்க? அழுகினது உங்க செடி, எடுக்கிறது என் இடமா?"

"இவ்வளவு இடத்தை வச்சிட்டு என்ன பண்றீங்க நீங்க? சோளத்தை ஆளுக்கொரு மூலையில நிக்க வச்சா எப்படி மணி பிடிக்கும்? அது கூட்டத்துல நிக்கிற பயிர். ஒண்ணோட பூத்தூள் காத்துல வந்து இன்னொண்ணு மேல விழணும். எங்க வீட்டம்மா இருந்தா சிரிச்சிருக்கும்."

 அக்காவுக்கு இடத்தைப் பற்றிய கோபம் ஒருபுறம். சோளத்தைப் பற்றி அவர் சொன்னது உண்மை என்பது இன்னொருபுறம். படியேறி மேலே போய்விட்டார்.

மதியத்துக்குள் கோட்டின் இரண்டு பக்கமும் இருந்த தக்காளிச் செடிகள் தலை தொங்கிவிட்டன. தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை. மேஸ்திரி குனிந்து தோண்டிய மண்ணை எடுத்துப் பார்த்தார். மண்கட்டியை உடைத்தால் நூல் நூலாக வெள்ளை வேர். இந்தச் செடியிலிருந்து அந்தப் பக்கம், அந்தச் செடியிலிருந்து இந்தப் பக்கம். காலி என்று அவர் நினைத்த இடம் முழுக்க வேர். உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் மேஸ்திரி வந்து அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பிடி மண். வீட்டுக்காரர்தான் திறந்தார்.

"வாங்க மேஸ்திரி. எங்க வீட்டு ஹாலையும் அளக்க வந்தீங்களா?"

"அப்படியே செருப்பால அடிங்க, வாங்கிக்கிறேன்" என்றார் மேஸ்திரி. அக்காவிடம் மண்ணை நீட்டினார். "தெரியாம பண்ணிட்டேன்மா. நட்டநடுவுலதான் தோண்டினேன். அங்கயும் வேர். மேல காலி, கீழ ஒரு இஞ்சு பாக்கி இல்ல."

அக்கா மண்ணை வாங்கிக்கொண்டார். விரலால் உதிர்த்துப் பார்த்தார். "நானும் ஒண்ணு தெரியாமதான் பண்ணேன். வார்டுல மூணடி வச்சதுக்குக் காரணம் இருந்துச்சு. இருமினா அடுத்த குழந்தை மேல தெறிக்கக் கூடாது. வெங்காயமா இருமப் போகுது? காரணத்தைக் கேக்காம அளவை மட்டும் தூக்கிட்டு வந்துட்டேன்."

காரணத்தை விட்டுவிட்டு விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் அதற்குப் பெயர் மூடநம்பிக்கை. அது சாமி பெயரில் வந்தாலும் ஒன்றுதான், துடைப்பக் கட்டை பெயரில் வந்தாலும் ஒன்றுதான். அக்கா அதைத் தன்னிடமே கண்டுபிடித்துச் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கும்மா. நான் ஆமான்னு சொல்லிட்டேன்."

"தெரியும், நோட்டீஸ் பாத்தேன். நிலம் போயிடும்னும் தெரியும்."

"எப்படி இவ்வளவு அமைதியா சொல்றீங்க?"

"அமைதியாவா? காலையிலிருந்து இவ சாப்பிடல, என்னையும் சாப்பிட விடல" என்றார் வீட்டுக்காரர்.

கூட்டம் மொட்டை மாடியில் நடந்தது. செயலாளர் நன்றாகப் பேசக் கூடியவர். பொது நிலம், வீணாகும் வளம், எல்லாருக்கும் பயன் என்று பெரிய பெரிய வார்த்தைகளை அடுக்கினார். எல்லாருக்கும் என்றால் கார் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும். அந்தக் குடியிருப்பில் அப்போது அப்படிப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதை அவர் சொல்லவில்லை.

"நான் என்ன சொல்றது, நீங்களே எட்டிப் பாருங்க" என்று கைப்பிடிச் சுவர்ப் பக்கம் கை காட்டினார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து செடிகளுக்கு நடுவிலிருந்த மண்தான் கண்ணில் பட்டது. அக்காவுக்கு அந்த மேலிடத்து ஆளின் கண் ஞாபகம் வந்தது. எழுந்து பேச நினைத்தார்.  குழந்தைக்காக மேலிடத்தை எதிர்த்தவருக்குத் தனக்கென்று ஒரு பிடி மண் கேட்க நா எழவில்லை.

மேஸ்திரி எழுந்தார்.

"பாதி இடம் எனக்குன்னு பேச்சு. எனக்கு வேணாம்."

"ஏன் மேஸ்திரி, அன்னைக்கு வேணும்னீங்களே?" என்றார் செயலாளர்.

"அன்னைக்கு நான் கீழ தோண்டிப் பாக்கல. நீங்க இன்னைக்கும் பாக்கல. இவங்க யாரும் பாக்கல. மாடியில நின்னுக்கிட்டு நிலத்துக்குத் தீர்ப்பு சொன்னா எப்படி? நான் வெட்டினதுல நல்லா காய்ச்ச செடி செத்துக் கிடக்கு. வாங்க, இறங்கிப் பாத்துட்டு அப்புறம் கை தூக்குங்க."

முணுமுணுப்பு எழுந்தது. முட்டி வலி என்றார் ஒருவர். சீரியல் போட்டுவிடுவான் என்றார் இன்னொருவர். "ஆம்புலன்ஸ் வேணும்னா கூப்பிடவா? ஒவ்வொருத்தரா இறக்கி விடுறேன்" என்று வீட்டுக்காரர் பின்வரிசையிலிருந்து கத்தினார். சிரிப்பு கிளம்பியது. சிரித்தவர்கள் எழுந்தார்கள். எழுந்தவர்களைப் பார்த்து மற்றவர்களும் படி இறங்கினார்கள்.

கீழே மேஸ்திரி கோட்டின் ஓரத்தை மெதுவாகச் சீவி, அறுந்த வேர்களைக் காட்டினார்.  அக்கா, நிமிர்ந்து நின்ற செடிகளிலிருந்து பழுத்ததைப் பறித்துப் பக்கத்தில் நின்றவர்களிடம் கொடுத்துக்கொண்டே போனார். மூன்றாம் மாடிப் பெண் ஒருத்தி வாயில் தக்காளியோடு, "இதையா காலின்னு சொன்னீங்க?" என்று செயலாளரைக் கேட்டாள். எல்லாரும் மனம் மாறிவிடவில்லை. செயலாளர் பக்கமும் கைகள் உயர்ந்தன. ஆனால் போதவில்லை. நிலம் அக்காவிடமே இருந்தது. கார் தெருவிலேயே நின்றது. அதற்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

அடுத்த நடவில் இருவரும் காரணம் கேட்டுக் கேட்டு அளந்தார்கள். வெங்காயத்துக்கு நான்கு விரல் போதும், வேரும் கிழங்கும் அதற்குள் அடங்கிவிடும். தக்காளிக்கும் கத்தரிக்கும் ஒன்றரை முழம், இலையில் காற்று புகுந்து வெளியே வர வேண்டும். பூசணிக்கு ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் இடம், அது உட்கார்ந்த இடத்தில் இருக்காது. கீரையைத் தூவிவிட்டு, முளைத்ததும் நெருக்கத்தைக் கலைத்துப் பிடுங்கிக் குழம்பில் போட்டுவிடலாம். சோளத்துக்கு மட்டும் ஒரு துண்டு போதவில்லை. ஒற்றை வரிசையில் நிறுத்தினால் பூத்தூள் காற்றோடு போய்விடும். அணியணியாக நிற்க வேண்டும். அதனால் பாதி அக்கா துண்டிலும் பாதி மேஸ்திரி துண்டிலுமாகச் சதுரமாகப் போட்டார்கள். இரண்டு துண்டுகளுக்கும் நடுவே கட்டியிருந்த எல்லைக் கயிற்றை அவிழ்க்க மேஸ்திரிக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அவிழ்த்தார். கதிர் உரித்தபோது மணிகள் பல்வரிசை போல நெருக்கி நின்றன.

வீட்டுக்காரர் போய்விட்டார். மேஸ்திரியும் இல்லை. அக்கா இப்போது மகள் வீட்டில், உயரமான கட்டடம் ஒன்றில் இருக்கிறார். பால்கனியில் நான்கு தொட்டிகள். விரலைத் தக்காளி இலையில் தேய்த்து முகர்ந்துகொள்வார். "அந்த வாசனை இதுல இல்ல" என்பார். மகள், "அதே விதைதாம்மா" என்பாள். அக்கா வாதாடுவதில்லை. அந்த வாசனையில் குழாயடி வம்பும், மேலிருந்து வந்த ஒரு சத்தக் குரலும் கலந்திருந்ததை எந்தத் தொட்டியில் நட முடியும்?

உங்கள் குடியிருப்பிலும் ஒரு நாள் கூட்டம் போடுவார்கள். பிள்ளைகள் விளையாடும் மூலையோ, யாரோ நான்கு செடி வைத்த துண்டோ, நடைபாதைக் கடைக்காரர் நிற்கும் ஓரமோ, அதைக் காட்டி நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர், "சும்மாதானே கிடக்கு" என்பார். உடனே கை தூக்கிவிடாதீர்கள். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, படி இறங்கிப் போய் அங்கே நில்லுங்கள். அதில் யார் வேர் விட்டிருக்கிறார்கள் என்று குனிந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.